செயலி மேம்படுத்தல்

செயலி மேம்படுத்தல் என்பது பயன்பாட்டில் உள்ள மேசைக் கணினியின் மையச் செயலியைக் கழற்றிவிட்டு, அதே தாய்ப்பலகையில் அதைவிட விரைவான வேறொரு செயலியைப் பொருத்துவதாகும். புதிய கணினி வாங்க இயலாத நிலையில் பழையதன் பயன்காலத்தை நீட்டிக்க இம்முறை கையாளப்படுகிறது. எந்தச் செயலியைப் பொருத்தலாம் என்பதை வாங்குபவரின் விருப்பத்துக்கு முன்பாகத் தாய்ப்பலகை முடிவு செய்கிறது. மடிக்கணினிகளில் செயலி பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் இக்கட்டுரை மேசைக் கணினிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

தேவையை அறிதல்

மெதுவாக இயங்கும் கணினிகள் எல்லாவற்றிலும் செயலி குற்றவாளி அன்று. விண்டோஸ் இயங்குதளத்தில் கண்ட்ரோல், சிப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் தோன்றும் பணி மேலாளரில் செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றின் பயன்பாடு விழுக்காட்டில் காட்டப்படும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே இதனைச் சில நிமிடங்கள் கவனிக்க வேண்டும். வட்டு 100 விழுக்காட்டிலும் செயலி 20 அல்லது 30 விழுக்காட்டிலும் நின்றால், புதிய செயலியால் பயன் ஏதுமில்லை. சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலை வட்டைப் பொருத்துவதே அங்கு தீர்வாகும். நினைவகம் நிரம்பி வழிந்தால் அதனைக் கூட்ட வேண்டும். செயலி தொடர்ந்து 100 விழுக்காட்டை ஒட்டி நிற்கும்போதே அதனை மாற்றுவது பற்றி எண்ணலாம். குறைந்த பணம் வைத்திருப்போர் இந்த வரிசையை மாற்றாமல் இருப்பது நல்லது.

சாக்கெட்டும் சிப்செட்டும்

செயலி அமரும் இடம் சாக்கெட் எனப்படும். இன்டெல் நிறுவனத்தின் எல்ஜிஏ 775 சாக்கெட் 2004இலும், 1155 சாக்கெட் 2011இலும், 1150 சாக்கெட் 2013இலும், 1151 சாக்கெட் 2015இலும் அறிமுகமாயின. ஒன்றுக்கு உரிய செயலி மற்றொன்றில் பொருந்தாது. சாக்கெட் ஒன்றாக இருப்பது மட்டும் போதுமானதும் அன்று. 775 சாக்கெட் கொண்ட, இன்டெல் 915 சிப்செட்டில் அமைந்த பலகைகள் பென்டியம் 4 செயலியை ஏற்கும்; கோர் 2 டுவோ செயலியை ஏற்பதில்லை. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிகளும் 1151 தொடுமுனைகளையே கொண்டவை. ஆயினும் அவற்றுக்கு 300 வரிசைப் பலகைகள் தேவை.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் இவ்வகையில் விதிவிலக்கானது. 2017இல் முதல் ரைசன் செயலிக்காக வாங்கிய 300 வரிசைப் பலகைகள் பலவற்றில், 2022இல் வெளியான பயாஸ் இற்றைப்படுத்தலுக்குப் பின் ரைசன் 5000 வரிசைச் செயலிகளைப் பொருத்த முடிந்தது. தாய்ப்பலகையின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள ஆதரவுப் பட்டியலைப் பார்ப்பதே உறுதியான வழி. பலகையின் பெயரைச் சிபியு-இசட் என்னும் இலவச மென்பொருள் காட்டும்.

எடுத்துக்காட்டு: எச்61 பலகை

2012 தொடங்கிச் சில ஆண்டுகள் சிறு கடைகளில் பொருத்தித் தரப்பட்ட மலிவு விலைக் கணினிகளில் இன்டெல் எச்61 சிப்செட் கொண்ட பலகைகள் பரவலாக இருந்தன. அத்தகைய பலகையில் பென்டியம் ஜி2020 செயலி உள்ளதாகக் கொள்வோம். இது இரண்டு கருக்களும் 2.9 கிகாஎர்ட்சு வேகமும் உடையது. இதே சாக்கெட்டில் அமரும் கோர் ஐ5-3470 நான்கு கருக்களும் 3.2 கிகாஎர்ட்சு அடிப்படை வேகமும் கொண்டது. பழைய பென்டியத்தில் இல்லாத ஏவிஎக்ஸ் கட்டளைத் தொகுதியும் இதில் உண்டு. அண்மைக்கால மென்பொருள்கள் சில அக்கட்டளைகள் இன்றி இயங்க மறுக்கின்றன. கோர் ஐ7-3770 ஒரே வேளையில் எட்டு இழைகளை இயக்க வல்லது. தட்டச்சு, கணக்கு, அச்சு வடிவமைப்பு ஆகியவற்றுக்கு ஐ5 போதும். நிகழ்படத் தொகுப்பு செய்வோர்க்கே ஐ7 கூடுதல் பயன் தரும்.

மேற்கண்ட செயலிகள் மூன்றும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவை ஆதலால் பயாஸ் சிக்கல் எழுவது அரிது. பலகையில் உள்ளது 2011இல் வந்த ஜி630 போன்ற முந்தைய தலைமுறைச் செயலியாயின், அதனைக் கழற்றும் முன்னரே பயாசை இற்றைப்படுத்த வேண்டும். கழற்றிய பின் நினைவு வந்தால் பழையதைத் திரும்பப் பொருத்தித்தான் செய்ய இயலும். எச்61 சிப்செட் 16 கிகாபைட்டு நினைவகத்தையே ஏற்கும். வட்டு இணைப்பும் நொடிக்கு 3 கிகாபிட்டு வேகமே உடையது. அந்த வேகத்திலும் எஸ்எஸ்டி வன்தட்டைவிடப் பன்மடங்கு விரைவானதே.

வாங்குதல்

இத்தகைய பழைய செயலிகள் புதிதாகத் தயாரிக்கப்படுவதில்லை. நிறுவனங்கள் கழித்துவிடும் கணினிகளிலிருந்து எடுக்கப்பட்டவையே விற்பனைக்கு வருகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு போன்ற ஊர்களில் உள்ளோர் திருத்தணி சென்று அங்கிருந்து தொடர்வண்டியில் சென்னை சென்ட்ரலை அடைந்தால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கும் நரசிங்கபுரம் தெருவுக்கும் எளிதில் செல்லலாம். ஒரு நாள் வேலையும் பயணச் செலவும் போகும் என்பதால் தவறான பொருளோடு திரும்புவது பெரிய இழப்பாகும்.

செயலியின் பெயரில் உள்ள கடைசி எழுத்தைக் கவனிக்க வேண்டும். ஐ5-3470டி என்பது மின்சிக்கன வகை. அதில் இருப்பவை இரண்டு கருக்களே. பிற்கால இன்டெல் செயலிகளில் எஃப் என்னும் எழுத்து வரைகலைப் பகுதி இல்லை என்பதைக் குறிக்கும். ரைசன் 5 5600 செயலியிலும் வரைகலை கிடையாது, 5600ஜி செயலியில் உண்டு. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் முன்னதைப் பொருத்தினால் திரையில் எதுவும் தோன்றாது.

செயலிகள் எளிதில் பழுதாவதில்லை. தாய்ப்பலகையின் மின்தேக்கிகளும் மின்வழங்கியுமே முதலில் நலிவடைகின்றன. மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தால் அப்பலகையில் மேலும் பணம் செலவிடுவது வீண்.

வெப்பமும் மின்சாரமும்

ஜி2020 செயலியின் வெப்ப அளவு 55 வாட்டு. ஐ5-3470க்கு 77 வாட்டு. கோடையில் திருத்தணிப் பகுதியில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். எனவே பழைய விசிறியைத் தூசு நீக்காமல் அப்படியே பொருத்தினால், செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய வெப்பப் பசையைத் துடைத்துவிட்டுப் புதியதைத் தடவ வேண்டும். ஏஎம்4 செயலிகளில் விசிறியை வெடுக்கென இழுத்தால் செயலியும் உடன் பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையக்கூடும்; சற்று நேரம் இயக்கிப் பசை இளகிய பின் கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறியை மெல்லத் திருகி எடுப்பது நன்று. பயாஸ் இற்றைப்படுத்தலின்போது மின்தடை ஏற்பட்டால் பலகை இயங்காமற் போகலாம் என்பதால் யுபிஎஸ் இன்றி அதில் இறங்கக்கூடாது.

இயங்குதளத்தின் எல்லை

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பவை பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை ஆகியவையும் அவற்றுக்குப் பிந்தையவையும் மட்டுமே. ஆகவே ஏஎம்4 கணினியில் செயலி மாற்றுவது விண்டோஸ் 11க்கும் வழிவகுக்கும். எச்61 பலகையில் எந்தச் செயலியைப் பொருத்தினாலும் அந்த வழி திறவாது. அக்கணினியை லினக்சில் இயக்குவதாயின் மட்டுமே ஐ5-3470க்குப் பணம் செலவிடுவது பொருளுடையது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்சு தமிழ் இடைமுகம் கொண்டது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனமும் 2006-2007 காலப்பகுதியில் தன் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. ஆனால் விண்டோசுக்கு மட்டுமே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளையோ அச்சு மென்பொருளையோ நம்பியுள்ள கடைகளுக்கு இம்மாற்றம் எளிதன்று. அவர்கள் செயலிக்கான பணத்தைச் செலவிடாமல் சேர்த்து வைத்து, நிறுவனங்கள் கழித்த எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றை முழுமையாக வாங்குவதே மேல்.