பவுத்திர நோயும் புதிய ரண சிகிச்சையும்

நாஞ்சில் நாட்டில் நாம் பார்வையிடச் செல்லும் நெசவாளர் சங்கங்களில், மாதக்கணக்கில் நூல் வாங்காத அங்கத்தினர் ஒருவரிருவர் ஏட்டில் தென்படுவதுண்டு. காரணம் கேட்டால், “உடம்புக்குச் சுகமில்லை” என்பதற்கு மேல் பதில் வராது. தனியே விசாரித்தால் சிலர் பவுத்திரம் என்பார்கள். மூலம் என்றெண்ணிக் கைமருந்திலேயே காலத்தைக் கழித்திருப்பார்கள்.

தறிக்குழியில் உட்காருவதால் வரும் நோயன்று இது. மலவாயின் உட்புறச் சுரப்பியில் சீழ் கட்டி, தோலை நோக்கி வழி துளைத்துக்கொள்வதே பெரும்பாலும் காரணம். சிலருக்குக் காசநோயாலும் வரும். எளிய வழியைக் கீறித் திறந்தால் ஆறிவிடும். ஆனால் அது சுருக்குத்தசையின் ஊடே ஆழமாகச் சென்றோ கிளைவிட்டோ இருந்தால், கீறும்போது தசையும் அறுபட்டு மலத்தை அடக்கும் சக்தி குறையக்கூடும். நோயாளி அஞ்சுவதும் இதற்கே.

தசையை அறுக்காத முறைகள் இப்போது வந்துள்ளன. தாய்லாந்து வைத்தியர் அருண் ரோஜனசகுல் 2007இல், தசைகளுக்கிடையே அவ்வழியைக் கட்டித் துண்டிக்கும் ‘லிஃப்ட்’ முறையை வெளியிட்டார். முதல் 18 பேரில் 17 பேர் குணமடைந்தனர். பிற்பாடு பலரிடம் கையாண்டபோது அது நூற்றுக்கு 70 அளவில் நின்றது. இத்தாலிய வைத்தியர் மெய்னெரோ மெல்லிய குழல் வழியே உள்ளே பார்த்துச் சுட்டுச் சுத்தம் செய்யும் முறையை 136 பேரிடம் கையாண்டார். 2011இல் வெளியான கணக்குப்படி நூற்றுக்கு 73க்குச் சற்று மேற்பட்டோருக்கு இரண்டு மூன்று மாதங்களில் புண் ஆறியது. பூரண நிவாரணம் என்று விளம்பரம் செய்வோரை நம்பவேண்டாம். எனினும் இம்முறைகளில் நோய் திரும்பினாலும் தசை பெரும்பாலும் பழுதின்றி இருப்பதால், மறுபடி சிகிச்சை செய்ய இடமுண்டு.

நெசவாளருக்கு வியப்பளிக்கக்கூடியது நம் நாட்டு க்ஷார சூத்திரம். கள்ளிப்பால், நாயுருவிக் காரம், மஞ்சள் ஆகியவற்றை 21 பூச்சாக ஏற்றிய நூல் அது, வாரந்தோறும் மாற்றுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 1991ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான கீறல் சிகிச்சைக்குப்பின் நூற்றுக்கு 11 பேருக்கும் நூல் சிகிச்சைக்குப்பின் 4 பேருக்குமே நோய் திரும்பியது. ஆனால் ஆறுவதற்கு நான்கு வாரத்துக்குப் பதில் எட்டு வாரம் ஆயிற்று. நூலும் தசையை மெல்ல அறுத்தே செல்வதால், ஆழ்ந்த பவுத்திரத்துக்கு யோசித்தே கொள்ளவேண்டும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கோட்டாறு அரசு ஆயுர்வேதக் கல்லூரியிலோ ஆலோசனை பெறலாம். சிக்கலான நோயாயின் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தபின் கத்தி வைப்பதே உத்தமம். வீக்கத்துடன் காய்ச்சலும் கண்டால் அன்றே செல்க.

சிகிச்சைக்காகத் தவணையைத் தள்ளிவைக்கும் மனு வந்தால், நிர்வாகக் குழுவினர் நோயின் பெயரை நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதவேண்டியதில்லை. வைத்தியச் சான்று பெறப்பட்டது என்று குறித்தால் போதும்.