கொழுப்புக் கட்டியா? புற்றுநோய்க் கட்டியா? துப்பு துலக்கும் 'ஜீன்' சோதனை!

நாவலூர்:-

தொடையில் ஒரு கட்டி. வலி கிடையாது. போன வருடம் நெல்லிக்காய் அளவு. இப்போது எலுமிச்சம்பழத்தையும் தாண்டி விட்டது. "அட, கொழுப்புக் கட்டிதாங்க! கீறி எடுத்தா போச்சு" என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் ஆபீஸ் நண்பர் வரை ஒரே தீர்ப்பு சொல்கிறார்கள்.

100 கட்டிகளில் 99 கட்டிகளுக்கு அந்தத் தீர்ப்பு சரிதான். அவை சாதுவான கட்டிகள். மீதி இருக்கும் ஒன்றுதான் ஆளைத் தீர்த்துக் கட்டும் ரகம். வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சில சமயம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த ஒன்றைப் பிடிக்கத்தான் இப்போது கட்டியின் ஜீனையே கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார்கள்.

கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக் குழாய், தசை நாண் போன்ற மெல்லிய திசுக்களில் வரும் புற்றுநோய்க்கு 'சார்கோமா' என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இது சுமார் 1 சதவீதம்தான். ஆனால் இதில் 70-க்கும் மேற்பட்ட வகைகள்! "வயசானவங்க நோய்தானே" என்று ஒதுக்கவும் முடியாது. இதில் சில வகைகள் பள்ளிப் பிள்ளைகளையும், 20, 30 வயதுக்காரர்களையும்தான் அதிகம் பிடிக்கின்றன. நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலைக்கு ஓடும் கூட்டத்தின் வயது அதுதான்.

குப்பையில் போகும் சாட்சி

தமிழ்நாட்டில் இன்னும் நடக்கிற அநியாயம் ஒன்று உண்டு. சின்ன கிளினிக்கில் கட்டியை எடுக்கிறார்கள். தையல் போடுகிறார்கள். பில் வாங்குகிறார்கள். எடுத்த கட்டி குப்பை வாளிக்குப் போய்விடுகிறது. நோயாளியும் "என்ன கட்டி?" என்று கேட்பதில்லை. 8 மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி முளைக்கும்போதுதான் வீட்டில் அழுகை கிளம்புகிறது. கொலை நடந்த இடத்தைக் கழுவி விட்டுவிட்டு போலீசைக் கூப்பிட்ட கதை இது.

5 சென்டி மீட்டருக்கு மேல் உள்ள கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, தோலுக்கு அடியில் ஆழமாக இருக்கும் கட்டி, எடுத்த இடத்திலேயே திரும்ப வந்த கட்டி - இவற்றில் எதுவாக இருந்தாலும் முதலில் கத்தி வைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்து, தடித்த ஊசியால் துளி சதையை எடுத்துச் சோதித்து, பிறகுதான் ஆபரேஷன். அவசரப்பட்டு அரைகுறையாக வெட்டினால் நோய் சுற்றிலும் சிதறும். அடுத்த ஆபரேஷன் பெரிதாகும். சில பேருக்குக் காலே போகும் நிலை வருகிறது.

ஒரே முகம், வேறு ஆள்

எடுத்த சதையை பார்மலின் திரவத்தில் ஊற வைத்து, மெழுகில் பதித்து, முடியை விட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பது பழைய முறை. இன்றைக்கும் முதல் படி அதுதான். சிக்கல் என்னவென்றால், சின்னச் சின்ன நீல உருண்டைகளாகத் தெரியும் செல்கள் நாலைந்து நோய்களில் ஒரே மாதிரி இருக்கும். யூயிங் சார்கோமாவும் அப்படித்தான் இருக்கும். தசையில் வரும் ஒரு புற்றுநோயும் அப்படித்தான். நெறிகட்டி ரகப் புற்றுநோயான லிம்போமாவும் அப்படித்தான். லிம்போமா என்றால் பெரும்பாலும் மருந்திலேயே கரைக்கப் பார்ப்பார்கள். யூயிங் என்றால் மருந்தோடு ஆபரேஷனோ கதிர்வீச்சோ தேவை. பெயர் மாறினால் வைத்தியமே மாறிப் போகும்!

இங்கேதான் ஜீன் சாட்சி சொல்ல வருகிறது.

யூயிங் சார்கோமாவை அமெரிக்க டாக்டர் ஜேம்ஸ் யூயிங் 1921-ல் விவரித்தார். அதன் அடையாளம் சிக்கியது 1983-ல். பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கட்டியின் செல்லில் 11-வது குரோமோசோமின் ஒரு துண்டும், 22-வது குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக் கிடப்பதைப் பார்த்தார்கள். இரண்டு ஜீன்கள் அறுந்து ஒன்றாக இணைந்து கள்ள ஜீனாகி விட்டன என்பது 1992-ல் வெளியாயிற்று. அந்தக் கள்ள ஜீன் போடும் உத்தரவில்தான் செல் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. இளவயதினருக்கு முழங்கால் பக்கம் அதிகம் வரும் 'சைனோவியல் சார்கோமா'வில் எக்ஸ் குரோமோசோமும் 18-வது குரோமோசோமும் இதே வேலையைச் செய்கின்றன. கைரேகை மாதிரி, ஆளுக்கு ஆள் வேறு.

இதைப் பார்க்கும் ஒரு சோதனைக்கு 'பிஷ்' என்று பெயர். கோவளம் வலையில் விழும் மீன் அல்ல! ஜீனின் இரு பக்கமும் சிவப்பு, பச்சை என்று ஒளிரும் சாயத்தை ஒட்டுகிறார்கள். இரண்டு புள்ளியும் சேர்ந்தே இருந்தால் ஜீன் அறுபடவில்லை. சிவப்பு ஒரு மூலை, பச்சை ஒரு மூலை என்று பிரிந்து கிடந்தால் ஜீன் அறுந்திருக்கிறது.

கொழுப்புக் கட்டிக்குச் சோதனை வேறு. சாதாரண செல்லில் 'எம்.டி.எம்.2' என்ற ஜீன் 2 பிரதி இருக்கும். கொழுப்பு வேஷம் போட்ட சார்கோமாவில் அது கொத்துக் கொத்தாகப் பெருகிக் கிடக்கும். ஆழத்தில் பெரிதாக இருக்கும் கொழுப்புக் கட்டிக்கு இந்தச் சோதனை முக்கியம்.

53 பேர் தலையெழுத்து

பிரான்சில் 384 நோயாளிகளின் கட்டிகளை நிபுணர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு எழுதிய பிறகு, ஜீன் சோதனையும் செய்து பார்த்தார்கள். 53 பேருக்கு நோயின் பெயரே மாறிப் போனது. 2016-ல் வெளியான கணக்கு இது. பார்த்தவர்கள் கத்துக்குட்டிகள் அல்ல, இந்தக் கட்டிகளையே பார்த்துப் பழகியவர்கள். அவர்களுக்கே 7 பேரில் ஒருவர் என்ற கணக்கு!

ஜீன் சோதனை குற்றவாளியை மட்டும் பிடிப்பதில்லை. நிரபராதியையும் விடுதலை செய்கிறது. முழங்கையிலும் மற்ற இடங்களிலும் சில வாரத்திலேயே மளமளவென்று வளரும் ஒரு வகைக் கட்டி உண்டு. 'நோடுலர் பேசியைட்டிஸ்' என்று பெயர். மைக்ராஸ்கோப்பில் பயங்கரமாகத் தெரியும். ஆனால் அது பரவாது. பல சமயம் தானாகவே அடங்கிவிடும். இதற்கும் தனி ஜீன் அடையாளம் உண்டு என்பது 2011-ல் தெரிய வந்தது. அது தெரியாமல் பெரிய ஆபரேஷனுக்கு ஆள்பட்டவர்கள் பாவம்தான்.

சென்னை ஆபீசில் வந்த முடிவு

வயிற்றில் வரும் 'ஜிஸ்ட்' என்ற சார்கோமாவில் பெரும்பாலும் 'கிட்' என்ற ஜீன் கெட்டுப் போயிருக்கிறது என்று ஜப்பானியர்கள் 1998-ல் கண்டார்கள். அதை அடக்கும் இமாட்டினிப் மாத்திரையை 2000-ம் ஆண்டு பின்லாந்தில் ஒரு பெண் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. ஜீனில் எந்த இடம் கெட்டிருக்கிறது என்று பார்த்தால், மாத்திரை கேட்குமா கேட்காதா என்பதையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அந்த மாத்திரை அப்போது கம்பெனி விலையில் மாதம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயாக இருந்தது! நோவார்ட்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை நிராகரித்தது வேறு யாருமல்ல, நம்ம சென்னை காப்புரிமை அலுவலகம்தான். அது 2006-ல். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 2013 ஏப்ரல் 1-ந் தேதி கம்பெனி தோற்றது. உள்நாட்டு மாத்திரை அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் கிடைத்தது.

எல்லாம் சரி, செலவு? பிஷ் சோதனைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒரே மூச்சில் படிக்கும் பெரிய சோதனைக்குப் பல பத்தாயிரம். எல்லாக் கட்டிக்கும் இது தேவையில்லை. சந்தேகம் உள்ள கட்டிக்குத்தான். ஜீன் சொல்வது மட்டும் இறுதித் தீர்ப்பும் ஆகாது. யூயிங் கட்டியில் அறுபடும் அதே ஜீன், அவ்வளவாகப் பரவாத வேறொரு கட்டியிலும் அறுபடுகிறது. அதனால் ஸ்கேன், மைக்ராஸ்கோப், ஜீன் மூன்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு எழுதுகிறார்கள்.

நாவலூர்க்காரர்களுக்கு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பஸ் தூரம்தான். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 12 படுக்கைகளோடு ஆரம்பித்த இடம் அது. வேலூர் சி.எம்.சி.க்கும் மும்பை டாட்டா நினைவு ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களும் உண்டு.

எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த மெழுகுக் கட்டியைத்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை 'பிளாக்' என்பார்கள். நோயாளியே முதலில் சோதித்த லேப்பில் எழுதிக் கொடுத்து, பிளாக், கண்ணாடி ஸ்லைடு, ரிப்போர்ட் மூன்றையும் கேட்டு வாங்கலாம். பல வருடம் ஆன பிளாக்கிலும் ஜீனைப் படிக்க முடிகிறது. பிளாக் மேல் உள்ள நம்பரும் ரிப்போர்ட்டில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று கவுண்டரிலேயே சரி பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் பிளாக்கை வைத்துவிட்டுப் போகக் கூடாது. அந்த மெழுகு 60 டிகிரி வாக்கில் உருகிவிடும்.