ஒற்றைக் குரல் வாத்தியம்

நெருளில் நாம் வசிக்கும் கட்டடத்திலேயே குடியிருக்கும் நண்பர் ஒருவர், சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலைப்பொழுது கவலை தோய்ந்த முகத்தோடு நம்மைத் தேடி வந்தார். அவருடைய புதல்வனுக்கு வயது பதின்மூன்று. ஆறாண்டுகளாகச் செம்பூரில் ஒரு பெரியவரிடம் வாய்ப்பாட்டுக் கற்று வருகிறான். வர்ணங்கள் முடிந்து கீர்த்தனைகளில் அடியெடுத்து வைத்த தருணத்தில் அவனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டது. மேல் ஷட்ஜத்தை எட்ட முயன்றால் குரல் பிளக்கிறது. உடன் பயிலும் பிள்ளைகள் சிரிக்கிறார்களென்று வெட்கி, வாயைத் திறக்கவே மறுக்கிறான்.

"கீபோர்டு வாங்கித் தாருங்கள், வாசிக்கிறேன் என்கிறான். வாத்தியாரோ, கட்டைகளை அழுத்தும் வாத்தியத்தில் கமகம் ஏது, கற்றதும் கரைந்து போகும் என்கிறார். ஓராண்டு மிச்சம் பிடித்த பணம் இது. இரண்டாம் முறை வாங்க வழியில்லை. பாட்டை விட்டுவிட்டால் பிள்ளை மீண்டும் அதன் பக்கம் திரும்புவானோ மாட்டானோ!" என்றார் நண்பர்.

வாத்தியாரின் அச்சம் புதியதன்று. இதே குறை கூறப்பட்டே 1940-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. 1971-இல்தான் அது தளர்ந்தது. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல ஆர்மோனியத்தால் ஆகாது. கடைகளில் காணும் பெரிய கீபோர்டுகளில் நூறு வாத்தியங்களின் ஒலி இருந்தாலும், கட்டையிலிருந்து கட்டைக்குத் தாவும் அதே சுபாவந்தான் பெரும்பாலும் அமைந்திருக்கிறது. பத்து விரல்களால் பத்து ஸ்வரங்களை ஒருங்கே எழுப்பலாம். ஆனால் நம் சங்கீதத்துக்கு அது எதற்கு? நாகசுரமும் புல்லாங்குழலும் மனிதக் குரலும் ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரத்தையே பேசுகின்றன. அந்த ஒன்றை எப்படி அசைக்கிறோம் என்பதில்தான் ராகம் பிறக்கிறது.

ஆகவே, ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரத்தை ஒலிக்கும் மின்னிசைக் கருவியை, மோனோஃபோனிக் சின்தசைசர் எனப்படுவதை, நாம் நண்பருக்குச் சொன்னோம். அவர் திகைத்தார். "குறைந்த வசதியுள்ளதையா வாங்கச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

இந்தப் பம்பாய்க்கு அக்கருவியின் குலம் அந்நியமன்று. 1954-இல் வெளிவந்த 'நாகின்' என்னும் ஹிந்திப் படத்தில் பாம்பாட்டியின் மகுடியாக ஒலித்தது மகுடியே அன்று. பிரெஞ்சுக்காரரான கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947-இல் ஆக்கிய கிளாவியோலின் என்னும் ஒற்றைக் குரல் மின்வாத்தியத்தைப் பிற்காலத்தில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி அதில் வாசித்தார். ஹேமந்த் குமாரின் இசையில் அந்த நாதம் நாடெங்கும் பரவிற்று. கேட்டவர்கள் மகுடி என்றே நம்பினார்கள்.

பின்னர் 1982-இல், ஹிந்திப் படங்களுக்கு வாசித்து வந்த சரண்ஜித் சிங் என்னும் பம்பாய்க் கலைஞர், ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். அவற்றுள் டிபி-303 என்பது ஒற்றைக் குரல் கருவி. நாம் மோகனம் என்பதை வடக்கே பூபாலி என்பர். நம் ஹிந்தோளம் அங்கே மால்கௌன்ஸ். இவ்விரண்டும் அத்தட்டில் உண்டு. அன்று அதைக் கவனித்தவர் சிலரே. 2010-இல் அது மறுபதிப்பான பின்னரே, அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1987-இல் அதே கருவியால் எழுந்த புதுவகை நடன இசைக்கு முன்னோடிபோல் இது இருக்கிறதே என்று மேனாட்டார் வியந்தனர். சரண்ஜித் சிங் 2015-இல் காலமானார்.

எனினும் நம் நண்பரின் புதல்வனுக்கு டிபி-303 பொருந்தாது. அதில் ஸ்வரங்களை முன்னரே பதித்து ஓடவிட வேண்டும். கையால் கமகம் பிடிக்க அது பிறந்ததன்று. ஆர்ப் ஒடிசி 1972-இல் வந்தது. அதன் முதற்பதிப்பில் ஸ்வரத்தை வளைக்க ஒரு சிறு குமிழே இருந்தது. கோர்க் எம்எஸ்-20 1978-இல் வந்தது. முரட்டுத்தனமான அதன் நாதத்தில் மயங்கியவர் பலர். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின், நம் மனம் நாடுவது 1970-இல் அமெரிக்காவில் மூக் நிறுவனம் வெளியிட்ட மினிமூக்கையே.

காரணம் யாதெனில், அதன் கட்டைகளுக்கு இடப்புறம் விரலால் உருட்டும் ஒரு சக்கரம் உண்டு. அனலாக் கருவியாகிய இதில் ஸ்வரம் என்பது ஒரு மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி உயரும். நடுவே படிகள் கிடையா. சக்கரத்தை மெல்ல உருட்டினால், தந்தியை இழுத்தாற்போல் ஸ்வரம் ஏறி இறங்கும். வீணையில் வலக்கை மீட்ட இடக்கை கமகம் பிறப்பிப்பதை எண்ணிப் பாருங்கள். இங்கும் வலக்கை கட்டையில், இடக்கை சக்கரத்தில். 1971 முதல் 1973 வரை ஜான் மெக்லாஃப்ளினின் மகாவிஷ்ணு குழுவில் இருந்த யான் ஹம்மர், இச்சக்கரத்தால் மினிமூக்கைக் கிதார்போல் பேசவைத்தார். அதே மெக்லாஃப்ளின் பின்னர் எல். சங்கரோடும் விக்கு விநாயக்ராமோடும் 'சக்தி' குழுவில் நம் சங்கீதத்தோடு கலந்தது வாசகர்கள் அறிந்ததே.

பழைய மினிமூக் மாதச் சம்பளக்காரர் கைக்கு எட்டும் பொருளன்று. ஆனால் அதன் வழிவந்த சிறு கருவிகள் உள்ளன. 2012-இல் வெளிவந்த ஆர்ட்டூரியா மினிபுரூட் அத்தகையது. இருபத்தைந்து கட்டைகள், அதாவது இரண்டு ஸ்தாயிகள். நம் கீர்த்தனைகளில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள் அடங்கிவிடும். பிறர் பயன்படுத்திய ஒன்றை நண்பர் வாங்கி வந்தார்.

வாங்க விரும்பும் அன்பர்கள் கடையில் மூன்று சோதனைகள் செய்க. முதலாவது, ஒரே கட்டையை அழுத்திச் சக்கரத்தை உருட்டி, இரண்டு ஸ்வரங்களுக்கிடையே ஒலி படியின்றி வழுக்குகிறதா என்று கேட்க. இரண்டாவது, 'ஸ' கட்டையை விடாமல் 'ரி'யை அழுத்துக. சில கருவிகளில் கீழ் ஸ்வரமே ஒலிக்கும், மினிமூக்கிலும் அவ்வாறே. அது குற்றமன்று, ஆனால் விரலை அதற்கேற்பப் பழக்க வேண்டும். மூன்றாவது, கருவியை இயக்கிக் கால் மணி நேரம் கழித்துச் சுருதிப் பெட்டியோடு ஒப்பிடுக. சூடேறும்போது அனலாக் கருவிகள் சிறிது சுருதி விலகுவது இயல்பு; தம்புராவைப் போல இதையும் சேர்த்துக்கொண்டே வாசிக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரங்கள் எழுந்த ஓசை, பாம் பீச் சாலையில் ஆம்புலன்ஸ் விரைவதைப் போலிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அண்டை வீட்டார் பொறுத்துக்கொண்டனர். இரண்டு மாதங்கள் சென்றபின், செம்பூர் வாத்தியார் ஒரு ஞாயிறன்று ரயிலேறி நெருளுக்கு வந்தார். மோகனத்தை வாசிக்கச் சொன்னார், பிள்ளை வாசித்தான். அவர் முகத்தில் மாற்றமில்லை. "தோடியில் காந்தாரம் பிடி" என்றார்.

அதுதான் உண்மையான பரீட்சை. தோடியின் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்பதில்லை; ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்தபடி வாழ்வது. பையன் வலக்கையால் ரிஷபத்தை அழுத்தி, இடக்கையால் சக்கரத்தை மெல்ல ஏற்றி இறக்கினான். முதல் முறை தவறிற்று. இரண்டாம் முறை மிகுந்தது. மூன்றாம் முறை வாத்தியாரின் தலை தன்னையறியாமல் அசைந்தது.

"இது இன்னும் தோடியாகவில்லை," என்றார் அவர். "ஆனால் பிள்ளையின் காது கெடவில்லை. காது பிழைத்திருந்தால், குரல் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்." பிறகு ஒரு கட்டளையும் இட்டார்: எந்தச் சங்கதியை வாசித்தாலும், முதலில் குரல் எட்டும் ஸ்தாயியில் அதைத் தாழப் பாடிவிட்டே வாசிக்க வேண்டும்.

இப்போது மாலைதோறும் மேல்மாடியிலிருந்து ஒரு கரகரத்த சிறு குரலும், அதைத் தொடர்ந்து மின்வாத்தியத்தின் நாதமும் நம் காதில் விழுகின்றன. நம் வீடுகளில் இத்தகைய பருவத்துப் பிள்ளைகள் இருப்பின், வாத்தியம் வாங்கச் செல்லும் பெற்றோர், அதில் எத்தனை ஒலிகள் உண்டு என்று கேட்பதற்கு முன், ஒரு ஸ்வரத்தை அசைக்க அது இடம் தருமா என்று கேட்பார்களாக.