சும்மா கிடக்கும் ஜெனரேட்டர்

 

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தன. தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும் செல்போனுக்குச் சார்ஜ் போடவும் ஜெனரேட்டரைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அப்படியொரு நாளுக்காகச் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருப்பவர்கள் இன்று எல்லா ஊரிலும் உண்டு. புயலும் வரும், கரண்டும் போகும், ஜெனரேட்டர் மட்டும் ஸ்டார்ட் ஆகாது, கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சம். “பத்து மணி நேரம்கூட ஓடலையே, அதுக்குள்ள எப்படிக் கெட்டுப்போச்சு?” என்று கேட்பார்கள். ஓடாமல் கிடந்ததால்தான் கெட்டது.

எப்படி என்று பார்ப்போம். நிறுத்திய பிறகும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் தங்கிவிடும். மாதக்கணக்கில் கிடந்தால் அதில் இருக்கும் லேசான சத்தெல்லாம் ஆவியாகிப் போய், பிசின் மாதிரி ஒரு கசடு மிஞ்சும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் அடியில் தங்கி, கிண்ணத்துக்குள் வெள்ளையாகப் பூத்துவிடும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

இந்தக் கசடு போய் அடைப்பது மெயின் ஜெட்டை. கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் திருகி வைத்திருக்கும் சின்னப் பித்தளைத் துண்டுதான் அது. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவுக்கு ஒரு வட்டம் பளிச்சென்று தெரிந்தால் நல்லது. மங்கலாகவோ பிறை மாதிரியோ தெரிந்தால் அடைப்பு இருக்கிறது. இரும்புக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் பிறகு பெட்ரோல் கணக்கில்லாமல் குடிக்கும். கார்புரேட்டர் கிளீனர் அடித்து ஊறவிட்டு, காற்றடித்து ஊதினால் போதும். ஒயரிலிருந்து உருவிய மெல்லிய செப்பு இழை ஒன்றையும் பயன்படுத்தலாம்.

இந்த வேலையே வராமல் தடுக்க ஒரு பழக்கம் போதும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து நிறுத்தாமல், பெட்ரோல் காக்கை மூடிவிட்டு ஓடவிடுங்கள். கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கும். அடியில் சொட்டு மிச்சம் இருந்தால் கிண்ணத்தின் கீழே இருக்கும் திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். ஒரு மாதத்துக்கு மேல் சும்மா வைப்பதானால் டேங்க்கையும் காலி செய்யுங்கள். ஆறு மாதம் வைப்பதானால் இன்னொரு வேலையும் உண்டு: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு தடவை மெதுவாக இழுங்கள். பிளக்கை மாட்டிய பிறகு மறுபடி இழுத்து, கயிறு கனக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அந்த நிலையில் வால்வு இரண்டும் மூடியிருக்கும், உள்ளே ஈரம் போகாது. சூடு ஆறிய பிறகு மூடி வையுங்கள். எலி ஒயரைக் கடிக்கும், சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டும். எடுக்கும்போது இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும்.

அடுத்தது ஆயில். வீட்டுக்கு வாங்கும் 2, 3 கேவிஏ ஜெனரேட்டர் பெரும்பாலும் 600 மில்லி அளவில்தான் ஆயில் பிடிக்கும். அவ்வளவு குறைவாக இருப்பதால் சீக்கிரம் கருத்துவிடும். புதிது என்றால் முதல் 20 மணி நேரத்தில் மாற்றுங்கள், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஓடவே இல்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. புயல் நாட்களில் இரவும் பகலும் ஓடினால் நாலைந்து நாளிலேயே 100 மணி நேரம் ஆகிவிடும். இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

இனி, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எங்கிருந்து தொடங்குவது? முதலில் ஆயில் அளவு. பல மாடல்களில் ஆயில் குறைந்தால் பிளக்குக்குப் பொறி போகாதபடி சென்சார் தடுத்துவிடும். மேடுபள்ளத்தில் சாய்ந்து நின்றாலும் அப்படித்தான். அடுத்து புது பெட்ரோல், காக், சோக். இதெல்லாம் சரி என்றால், பத்து தடவை கயிற்றை இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை, ஜெட்டைப் பார்க்க வேண்டும். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை அல்லது சோக் அதிகமாகிவிட்டது. துடைத்து, கரியைச் சுரண்டி, இடைவெளி 0.7 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். பிளக் விலை குறைவு. புதிதாக ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடத்தில் நின்றுபோனால் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சத்தம் ஏறி இறங்கி, சோக்கைப் பாதி போட்டால் சீராகிறதென்றால் ஜெட்டில் பாதி அடைப்பு. அதைச் சரிசெய்ய, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் திருகைத் திருப்பாதீர்கள். சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் வரும். அந்த வேகம் மாறினால் பாதிக்கப்படுவது உங்கள் ஃபிரிட்ஜும் டிவியும்.

இன்ஜின் நன்றாக ஓடுகிறது, கரண்ட் மட்டும் வரவில்லை என்றால் பிரேக்கர் விழுந்திருக்கிறதா பாருங்கள். அதுவும் சரியென்றால் கார்பன் பிரஷ், வோல்டேஜைச் சீராக்கும் ஏவிஆர், ரோட்டரில் தங்கியிருக்க வேண்டிய காந்த சக்தி என்று காரணங்கள் நீளும். நெடுநாள் சும்மா கிடந்தால் அந்தக் காந்தமும் போய்விடுவதுண்டு. அதை பாட்டரி கொடுத்துத் திரும்பக் கொண்டுவரலாம், ஆனால் தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை அது. மோட்டார் போட்டதும் இன்ஜின் திணறி நின்றால் பழுது என்று நினைக்காதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு இழுக்கும். மற்ற லோடை எல்லாம் எடுத்துவிட்டு மோட்டாரை முதலில் போடுங்கள்.

கடைசியாகச் சொல்வதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள். மழை பெய்கிறதே என்று ஜெனரேட்டரை வராந்தாவிலோ வீட்டுக்குள்ளோ வைத்து ஓட்டக் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதும் காப்பாற்றாது. வெளியே, தள்ளி, சைலன்சர் வாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். பிளக் சாக்கெட் வழியாக வீட்டு லைனுக்குள் கரண்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த 230 வோல்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட்டாகப் போகும். அறுந்த லைனை இழுத்துக் கட்ட மழையில் கம்பம் ஏறியிருக்கும் லைன்மேன் அதைத் தொடுவார். வீட்டு லைனுக்குக் கொடுப்பதானால் எலக்ட்ரீஷியனை வைத்துச் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெனரேட்டரை வெளியே எடுங்கள். புது பெட்ரோல் ஊற்றி, ஒரு ஃபேனும் இரண்டு லைட்டும் போட்டு, கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகு மாதம் ஒருமுறை அப்படிச் செய்தால் போதும். தேவைப்படும் ராத்திரியில் அது கைவிடாது.