நகர மையச் சீரமைப்பு: சர்ச் தெருவில் நடந்தது என்ன? விவேக் நகருக்கு அது ஏன் முக்கியம்?

பெங்களூரு: விவேக் நகர் குழந்தை இயேசு திருத்தலத்தில் வியாழக்கிழமைதோறும் பெருங்கூட்டம் கூடுகிறது. வழிபட வருவோர், பேருந்துகள், ஆட்டோக்கள், மெழுகுவர்த்தியும் பூவும் விற்போர் என அனைவரும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்கின்றனர். இத்தகைய நெரிசலான பகுதியை எவ்வாறு சீரமைப்பது என்பதைப் பெங்களூரு ஏற்கெனவே ஓரிடத்தில் முயன்று பார்த்திருக்கிறது. விவேக் நகரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், எம்.ஜி. சாலைக்கு இணையாகச் செல்லும் சர்ச் தெருதான் அந்த இடம்.

முதல் வேலை நிலத்துக்கு அடியில்

நகர மையச் சாலைகள் மீண்டும் மீண்டும் தோண்டப்படுவதற்குக் காரணம் எளிது. குடிநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு ஆகியவை வெவ்வேறு நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளன. ஒரு நிறுவனம் மூடிய பள்ளத்தை மற்றொன்று திறக்கிறது. இதற்குத் தீர்வாக ஜனா அர்பன் ஸ்பேஸ் அமைப்பு ‘டெண்டர் ஷ்யூர்’ என்ற விதிமுறைகளை வகுத்தது. இதன்படி குழாய்களும் கம்பிகளும் முதலில் தனித்தனித் தடங்களில் நிலத்தடியில் அமைக்கப்படும். பழுதுபார்க்க இடையிடையே ஆய்வுத் தொட்டிகள் இருக்கும். அதன் பின்னரே அகன்ற நடைபாதையும் சீரான அகலமுள்ள வாகனத் தடமும் அமைக்கப்படும். செயின்ட் மார்க்ஸ் சாலை, ரெசிடென்சி சாலை, விட்டல் மல்லையா சாலை ஆகியவை முதற்கட்டத்தில் இவ்வாறு மாற்றப்பட்டன.

சர்ச் தெருவில் 2017இல் பணி தொடங்கியது. கல் பதித்த தரையுடன் 2018இல் தெரு திறக்கப்பட்டது. 2020 நவம்பர் முதல் 2021 பிப்ரவரி வரை வார இறுதி நாள்களில் அங்கு வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம் நடத்திய இச்சோதனையின்போது காற்றின் தரமும் ஆய்வு செய்யப்பட்டது. சோதனைக் காலம் முடிந்ததும் வாகனங்கள் திரும்பிவிட்டன. கல் பதிப்பது ஒப்பந்ததாரரின் வேலை. வாகனத்தை நிறுத்துவதோ அன்றாட நிர்வாகம். சரக்கு இறக்கும் நேரம், வாகன நிறுத்துமிடம், பக்கத்துச் சாலைகளுக்குத் திரும்பும் நெரிசல் என அனைத்தையும் அதற்காக முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

வியாபாரிகள் எங்கே செல்வர்?

வரைபடங்களில் பெரும்பாலும் இடம்பெறாதவர்கள் சாலையோர வியாபாரிகள். சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அங்கிருந்த நடைபாதைக் கடைக்காரர்கள் தனி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்தனர். வழிப்போக்கர்களை நம்பி நடக்கும் வியாபாரத்துக்கு மாடிக் கடை எளிதில் ஈடாகிவிடாது.

2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும் வரை எந்த வியாபாரியையும் வெளியேற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். இடமாற்றம் செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு கட்டாயம்.

2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. விவேக் நகர் அமைந்துள்ள சாந்தி நகர்த் தொகுதி மத்திய மாநகராட்சியில் சேர்ந்துள்ளது. திருத்தலத்தைச் சுற்றிய சாலைகளைச் சீரமைக்கத் திட்டம் வகுத்தால், வியாழக்கிழமைகளில் யார் எந்த இடத்தில் கடை போடுகிறார்கள் என்ற கணக்கெடுப்பே அதன் முதல் ஆவணமாக இருக்க வேண்டும்.