மணி ஒலித்தும் விழியாத கப்பல்

பரீட்சைக் காலத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு எழ எண்ணும் மாணவன், முதல்நாள் இரவே கடிகாரத்தின் மணியைத் திருப்பி வைத்துவிட்டு உறங்கச் செல்கின்றான். மணி ஒலிக்கத் தவறினால் கடிகாரத்தின்மீது பழி சுமத்துகின்றான். திருப்பி வைத்தது நான்கா, ஏழா என்று பார்ப்பவர் சிலரே. கடலில் செல்லும் படகுகளின் ஜீ.பீ.எஸ். கருவியிலும் இத்தகைய மணிகள் உள. அவற்றைத் திருப்பி வைப்பதில் நேரும் தவறோ ஒரு நாளைய உறக்கத்தோடு முடிவதில்லை.

பூமியைச் சுற்றிவரும் செய்மதிகளின் சமிக்ஞைகள் வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு, இக்கருவி படகு நிற்கும் இடத்தைக் கணிக்கின்றது. வானம் தடையின்றித் தெரியும் கடலில் அக்கணிப்புப் பெரும்பாலும் சில மீற்றருக்குள் சரியாயிருக்கும். ஆயினும், எங்கே ஆபத்து, எப்போது எம்மை எழுப்புவது என்பவற்றை அது தானாக அறியாது. அவற்றை நாமே சொல்லி வைத்தல் வேண்டும்.

நங்கூர மணியை எடுத்துக்கொள்வோம். நங்கூரம் இட்டவுடன் அவ்விடத்தைக் கருவியிற் குறித்து, அதனைச் சுற்றி ஒரு வட்டத்தை அமைக்கின்றோம். படகு அவ்வட்டத்தைத் தாண்டினால் மணி ஒலிக்கும். 40 மீற்றர் கயிறு விட்டு நிற்கும் படகு, காற்றும் நீரோட்டமும் மாறுந்தோறும் ஏறக்குறைய அவ்வளவு தூரம் நங்கூரத்தைச் சுற்றி அலையும். வட்டத்தின் ஆரையை 20 மீற்றராக வைத்தால் மணி வீணே ஒலிக்கும். நாமும் சினந்து அதனை நிறுத்திவிடுவோம். 300 மீற்றராக வைத்தாலோ, படகு பாறையில் மோதிய பின்னரும் அது மௌனமாயிருக்கக் கூடும். கயிற்றின் நீளத்தோடு படகின் நீளத்தையும் சிறிது இடைவெளியையும் கூட்டி, 60 மீற்றர் அளவில் வைப்பதே விவேகம்.

குறித்த இடத்தை அணுகும்போது ஒலிக்கும் மணிக்கும் ஒரு கணக்கு உண்டு. மணிக்கு 6 கடல்மைல் செல்லும் படகு ஒரு நிமிடத்தில் கடல்மைலில் பத்திலொரு பங்கைக் கடக்கும். ஆகவே அரைக் கடல்மைலுக்கு முன் ஒலிக்குமாறு வைத்தால் ஐந்து நிமிட அவகாசம் கிடைக்கும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வகுத்த கடலெல்லைக்கு வேலியுமில்லை, எல்லைக்கல்லுமில்லை. இருளில் வலைவிடும் மீனவனுக்கு அந்த ஐந்து நிமிடம் எத்துணைப் பெறுமதி வாய்ந்தது!

மணியைச் சரியாக வைத்துவிட்டால் மட்டும் போதுமா? 1995 ஆம் ஆண்டு ஜூன் மாதம் பேர்மூடாவிலிருந்து பொஸ்டன் நோக்கிப் புறப்பட்ட 'றோயல் மஜெஸ்டி' என்னும் உல்லாசக் கப்பலின் கதை இதற்கு விடை கூறுகின்றது. புறப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஜீ.பீ.எஸ். கருவியின் அன்ரெனாக் கம்பி கழன்றுவிட்டது. கருவி ஏறத்தாழ ஒரு விநாடி நேரம் மெல்லக் கீச்சிட்டது. திரையிலே சிறு எழுத்துக்களில் ஒரு குறிப்பையும் காட்டியது. அதன்பின், செய்மதிகளின் துணையின்றி, வேகத்தையும் திசையையும் கொண்டு இடத்தை ஊகிக்கத் தொடங்கியது. கவனித்தவர் எவருமில்லை. அருகிலிருந்த லொறான் என்னும் மற்றொரு கருவியோடு ஒப்புநோக்கியவரும் இல்லை. ஆழமானியின் மணியோ பூச்சியம் மீற்றரில் வைக்கப்பட்டிருந்தது. முன்னே நீர் நீலமும் வெண்மையுமாய்த் தெரிகின்றதெனக் காவலாளி கூறியதும் பொருட்படுத்தப்படவில்லை. முப்பத்துநான்கு மணி நேரத்தின் பின், தன் பாதையினின்றும் 17 மைல் விலகி, நான்ரக்கெற் தீவுக்குக் கிழக்கே அக்கப்பல் மணற்றிட்டில் ஏறியது. கப்பலில் இருந்த 1,509 பேரும் காயமின்றித் தப்பியமை நற்பேறே.

அன்று குறைவாயிருந்தவை கருவிகள் அல்ல. ஒரு கருவி சொன்னதை மற்றொன்றினால் சோதிக்கும் பழக்கமே குறைவாயிருந்தது. மணியைத் திருப்பி வைப்பது பாதி வேலை. அது ஒலிக்கும்போது செவிசாய்ப்பதும், ஒலிக்காதபோதும் கண்ணைத் திறந்து பார்ப்பதும் மறுபாதி. கடலோடிக்கு மாத்திரமன்று, நாளை பரீட்சை எழுதப் போகும் மாணவனுக்கும் இது பொருந்துமன்றோ?