ஜான் எஸ். சாண்ட்லர்

ஜான் ஸ்கடர் சாண்ட்லர் (1849–1934) மதுரையில் பிறந்த அமெரிக்க மிஷனரி, திருச்சபை வரலாற்றாசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணியின் முதல் தலைவர். இவர் தந்தையும் மதுரை மிஷனில் ஊழியம் செய்தவரே. யேல் கல்லூரியில் 1870-இல் பட்டம் பெற்ற சாண்ட்லர், 1873-இல் மதுரைக்கே மிஷனரியாகத் திரும்பினார்.

திருச்சபை வரலாறு

மதுரை மிஷனை 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அமெரிக்கர்கள் தொடங்கினார்கள். அவர்களை அனுப்பிய அமெரிக்கன் போர்டு, 1870 வரை காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் ஆகிய இரு சபையாரும் சேர்ந்து நடத்திய சங்கம். அந்த மிஷனின் முதல் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றைச் சாண்ட்லர் ஆங்கிலத்தில் எழுதினார்.

அந்த வரலாற்றில் வில்லியம் டிரேசி முக்கியமானவர். 1842-இல் திருமங்கலத்தில் அவர் தொடங்கிய செமினரி, 1845-இல் பசுமலைக்கு மாறியது. உபதேசியார்களும் ஆசிரியர்களும் அங்கே உருவானார்கள். ஆனால் 1847-இல் ஒரு சோதனை வந்தது. மிஷனில் வேலை செய்வோர் சாதியை விட்டதற்கு அடையாளமாக, யார் சமைத்தாலும் உடன் அமர்ந்து உண்ண வேண்டும் என்று மிஷன் விதித்தது. ஊழியர் பலர் விலகினர். செமினரி மாணவர்களும் வெளியேறினர். ஞானஸ்நானம் பெற்றும் பந்தியில் சேர்ந்து உட்கார முடியவில்லை என்பதை மாணவர்கள் கவனித்துப் படிக்க வேண்டும்.

போடிநாயக்கனூர், கம்பம் பக்கத்துப் பழைய சபைகளைப் பற்றித் தேடுவோர்க்கும் மிஷன் வரலாறு உதவும். ஆயினும் அது மிஷன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது. ஏலமலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு ஏறிய குடும்பங்களின் கதையை வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

1908-இல் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தன. அதுவே 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது.

பேரகராதி

1913-இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், பேரகராதிப் பொறுப்பைச் சாண்ட்லர் ஏற்றார். மு. இராகவையங்கார் தலைமைத் தமிழ்ப் பண்டிதராக இருந்தார். மதுரையில் தொடங்கிய அலுவலகம் பின்னர் சென்னைக்கு மாறியது. ஐந்தாண்டில் முடியும் என்று கணக்கிட்ட வேலை அது! சாண்ட்லர் 1922-இல் ஓய்வுபெற்றபோது ஒரு பகுதிகூட அச்சாகியிருக்கவில்லை. பின்பு ச. வையாபுரிப்பிள்ளை பொறுப்பேற்று நடத்தி, 1936-இல் 1,04,405 சொற்களுடன் ஆறு தொகுதிகளாக முடித்தார். சாண்ட்லர் இறந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.